டவர் வேண்டும், சரி. இடத்தை யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?

நம் மலேசியச் சட்டத்தின் கண்ணில் உங்கள் அண்டை நிலக்காரர் யார் தெரியுமா? 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் நிலத்தை ஒட்டியிருப்பவர் அண்டை நிலக்காரர். நடுவில் சாலையோ சந்தோ கால்வாயோ ஒதுக்கு நிலமோ இருந்தால், அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டாத வரை எதிர்ப்பக்கத்துக்காரரும் அண்டை நிலக்காரர்தான். முட்டுச் சந்தாக இருந்தால், அதே பாதையைப் பயன்படுத்துகிற 200 மீட்டருக்குள் உள்ள நிலக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். அதற்கு அப்பால் இருப்பவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பவர்கள்.

மூன்று மாடிக் கடைவீடு கட்ட இந்தக் கணக்கு போதும். 45 மீட்டர் உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரம் நட்டால்? அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சமையலறை ஜன்னலிலிருந்தும் அது தெரியும். ஆனால் அந்தச் சமையலறைக்காரருக்கு டவர் பற்றிய அறிவிப்புக் கடிதம் வராது. கேட்கப்படும் உரிமையும் வராது.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். எங்கள் சிம்பாங் அம்பாட் பக்கம் எந்தத் தாமானின் வாட்சாப் குழுவுக்குள் போனாலும் என்றாவது ஒருநாள் டவர் பேச்சு வந்தே தீரும். யாராவது ஒரு காலி நிலத்தைப் படம் பிடித்துப் போடுவார். "இங்கதான் டவர் வரப் போவுதாம்." அடுத்த நிமிடம் புற்றுநோய் வீடியோ ஒன்று வரும். அதற்கடுத்து இன்னொருவர், "அண்ணே, எங்க வீட்டுல ஒரு பார்கூட வரல, சீக்கிரம் கட்டச் சொல்லுங்க" என்பார். இரண்டு பேரும் ஒரே வரிசையில் குடியிருப்பவர்கள்! இரவு பதினொரு மணிவரை சண்டை ஓடும். விடிந்தால் அதே குழுவில் காலை வணக்கப் பூப்படங்கள்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. பினாங்கு என்றதும் எல்லோருக்கும் தீவும் ஜார்ஜ்டவுனும் கொம்தாரும்தான் கண்ணில் தெரியும். நாங்கள் கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறையின் தென் மாவட்டத்தில் இருக்கிறோம். வடக்கே ஜூரு, மேற்கே புக்கிட் தம்புனும் பத்து காவானும், தெற்கே வால்டோரும் சுங்கை பாக்காப்பும். ஒரு காலத்தில் தோட்டமும் வயலும் தென்னையுமாக இருந்த தரை. 2014 மார்ச் முதல் தேதி 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் திறக்கப்பட்டு அது பத்து காவானில் வந்து இறங்கியதும் எங்கள் தலையெழுத்து மாறியது. தொழிற்சாலைகள் வந்தன, 2019இல் ஐகியா வந்தது, வீட்டுத் திட்டங்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. செம்பனை நின்ற இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் நான்கைந்து கைப்பேசி, ஒரு டிவி, பள்ளிப் பிள்ளையின் டேப்லட்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டவர் வேண்டாம் என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தேவை பொய்யில்லை. ஒரு டவர் எவ்வளவு தூரம் எட்டும் என்பது பாதிக் கேள்விதான். எத்தனை பேரை ஒரே நேரத்தில் தாங்கும் என்பது மீதிப் பாதி. வயல் நடுவே இருந்த ஒரு டவர் அன்றைக்கு முழு ஊருக்கும் போதுமானதாக இருந்திருக்கும். அதே டவரின் கீழ் இன்று ஆயிரக்கணக்கான வீடுகள். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால் அது மூச்சு திணறும். 2021 இறுதியோடு நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டது. 5ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸும் 3.5 கிகாஹெர்ட்ஸும் பயன்படுகின்றன. முன்னது தூரம் போகும். பின்னது வேகம் தரும், ஆனால் தூரம் போகாது, கான்கிரீட் சுவரைப் பார்த்தாலே சோர்ந்துவிடும். ஆக, வேகம் வேண்டுமானால் அலைக்கம்பங்கள் வீடுகளுக்கு அருகே வந்துதான் ஆக வேண்டும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி இணையத் தேர்வெழுத மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அந்த வீடியோவைப் பகிர்ந்து கண்ணீர் விட்ட நாமே நம் தெருவில் டவர் வேண்டாம் என்றால் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

சரி, இனி அந்தப் புற்றுநோய் வீடியோவுக்கு வருவோம். அதைத் தாண்டாமல் இந்தப் பேச்சு நகராது.

2011 மே 31 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வானொலி அலைவரிசை மின்காந்தப் புலங்களை "புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தது. டவர் எதிர்ப்புக் கடிதங்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரு வரி இருக்கும். ஆனால் அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாக இருந்தவை காதோடு ஒட்டி வைத்துப் பேசும் கைப்பேசி பற்றிய ஆய்வுகள். டவர் பற்றியவை அல்ல. அதே 2பி பட்டியலில் 1991 முதல் 2016 வரை காப்பியும் இருந்தது. பினாங்குக்காரர்கள் அந்த இருபத்தைந்து வருடமும் கோப்பிக்கடைக்குப் போகாமலா இருந்தோம்? 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் வெளிவந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. ஒலிபரப்பு, கைப்பேசி டவர்களின் அலைகளுக்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றும் சொன்னது.

கணக்காகவும் பார்க்கலாம். ஒரு டவரின் அலை ஒரே திசையில் குவிந்து வரும்போது அதன் பலம் 5,000 வாட்டுக்குச் சமம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தள்ளி, நேராக அதன் பாதையில் நிற்பவர் மீது விழுவது சதுர மீட்டருக்குச் சுமார் 0.04 வாட். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பின்பற்றும் அனைத்துலக வரம்பு 900 மெகாஹெர்ட்ஸில் 4.5 வாட். அதாவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. இந்தியா 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தன் வரம்பை அனைத்துலக வரம்பின் பத்தில் ஒன்றாக, 0.45 ஆகக் குறைத்துக்கொண்டது. அந்தக் கடுமையான அளவுகோலை வைத்தாலும் நாம் அதில் பத்தில் ஒன்றுக்கும் கீழேதான் நிற்கிறோம்.

இன்னொரு விஷயம் பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். டவரின் காலடியில் குடியிருப்பவருக்கு அலை குறைவு. முக்கா ஹெட் கலங்கரை விளக்கின் வெளிச்சம் கடலுக்குத்தானே போகிறது, படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இருட்டுதான். இதுவும் அப்படியே. அன்டெனா அலையைக் கிட்டத்தட்டக் கிடையாக, சில பாகை மட்டும் கீழே சாய்த்து அனுப்புகிறது. அது தரையைத் தொடுவது கொஞ்ச தூரம் தள்ளி. டவரைத் துரத்தித் துரத்தி ஊருக்கு வெளியே அனுப்பினால் நம் கைப்பேசி அதை எட்டிப் பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். அது இருப்பது நம் காதோரத்தில்!

இவ்வளவும் சொன்ன பிறகும் பயப்படுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். மூலை வீட்டு அக்கா ஒருவர், புற்றுநோயில் கணவரை இழந்தவர், "உன் கணக்கெல்லாம் சரிதான் தம்பி, ராத்திரி படுத்தா ஜன்னல்ல அதுதானே தெரியப் போவுது" என்றார். அதற்கு என்ன கணக்குச் சொல்வது? பினாங்கு பயனீட்டாளர் சங்கம், மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைவராக இருந்த காலம்தொட்டு, வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பக்கத்தில் கோபுரம் வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறது. முன்னெச்சரிக்கை என்பது அவர்கள் வாதம். இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் அனைத்துலக வரம்பைவிடக் கடுமையான வரம்பு வைத்திருப்பதும் முன்னெச்சரிக்கை என்ற பெயரில்தான். அது மூடநம்பிக்கை இல்லை; ஒரு கொள்கை நிலைப்பாடு. 2020இல் பிரிட்டனில், 5ஜிதான் கோவிட்டைப் பரப்புகிறது என்று நம்பி டவர்களுக்குத் தீ வைத்தார்களே, அது மூடநம்பிக்கை. இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

ஆனால் உத்தியாகப் பார்த்தால் கதிர்வீச்சு வாதம் நமக்குத் தோல்வி. அதிகாரி வரம்பைக் காட்டுவார், அளவீட்டைக் காட்டுவார், கோப்பு மூடப்படும். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். தீங்கு என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளைத் தள்ளியிருக்கிறது. விதிவிலக்காக எல்லோரும் காட்டுவது குவாலியர் வழக்கு. வீட்டு வேலை செய்து பிழைத்த ஒருவர், தன் வீட்டிலிருந்து 50 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் பக்கத்துக் கூரை மேல் இருந்த பி.எஸ்.என்.எல். டவர்தான் தனக்குப் புற்றுநோய் வரக் காரணம் என்று முறையிட்டார். 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த டவரை ஏழு நாளில் நிறுத்தச் சொன்னது. மனத்தைத் தொடும் தீர்ப்பு, ஆனால் நோய்க்குக் காரணம் டவர்தான் என்று அங்கே நிரூபணம் ஆகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு செபராங் பிறையில் ஒரு வழக்கை ஜெயித்துவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜெயிக்கக்கூடிய கேள்வி வேறு இருக்கிறது. ஏன் இந்த இடம்?

கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள் தடுமாறுவார்கள். ஏனென்றால் பல சமயம் உண்மையான பதில், "இந்த நிலக்காரர்தான் ஒப்புக்கொண்டார்" என்பதாகத்தான் இருக்கும். பொறியாளர் வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவார்: இதற்குள் எங்காவது ஓரிடம் வேண்டும். அந்த வட்டத்துக்குள் வாடகைக்கு இடம் தேடி ஒரு முகவர் அலைவார். வட்டத்தின் நட்ட நடுவே பொருத்தமான அரசு நிலம் இருக்கலாம், ஆனால் அதற்குப் பத்து இலாகாவின் கடிதம் வேண்டும். ஓரத்தில் ஒரு தனியார் நிலம், சொந்தக்காரர் கோலாலம்பூரில், மாதா மாதம் வாடகை வந்தால் போதும் அவருக்கு. எது முதலில் கையெழுத்தாகும்? வாடகை ஒருவருக்கு, நிழல் தெருவுக்கு. இதில் நிலக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நானிருந்தாலும் யோசித்திருப்பேன். கோபம், அந்தத் தேர்வு எங்கும் எழுதப்படாமல் நடப்பதில்.

குறைந்த விலை அடுக்குமாடிகளில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். மொட்டை மாடியில் அன்டெனா வைக்க நிறுவனம் தரும் வாடகை கூட்டு நிர்வாக அமைப்பின் கணக்குக்குப் போகும். பராமரிப்புக் கட்டணம் பாதிப் பேர் கட்டாத கட்டடத்தில் அந்தப் பணம்தான் மின்தூக்கியை ஓட்டுகிறது. ஆண்டுக் கூட்டத்தில் மேல்மாடிக்காரர் எதிர்ப்பார், கீழ்மாடிக்காரர் "லிஃப்ட் உங்களுக்குத்தானே" என்பார். இரண்டு பேர் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அங்கே குறைந்தபட்சம் ஒரு கூட்டம் நடக்கிறது, கை தூக்குகிறார்கள், கணக்கு காட்டப்படுகிறது. தரை வீட்டுத் தாமான்களுக்கு அதுவும் இல்லை.

சட்டத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். எந்த நிலம் எதற்கு என்று காட்டும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்தால், ஊராட்சி மன்றம் அண்டை நிலக்காரர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபத்தைக் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். தந்தால், விசாரணையில் நேரில் பேசக் கேட்டுக்கொள்ளலாம். முடிவு பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆனால் அந்த வாரியத்தின் கதவு, விண்ணப்பித்தவருக்கும் முன்பே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தவருக்கும் மட்டும்தான் திறக்கும். 21 நாளில் எழுதாமல் விட்டவர், அப்புறம் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் வாசலில் பதாகை பிடித்து நின்றாலும் வாரியத்துக்குள் போக முடியாது.

அந்தக் கடிதம் யாருக்கு வரும்? நிலப் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. இப்போது எங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். வீட்டை வாங்கிப் போட்டுவிட்டுச் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள், பத்து காவான் தொழிற்சாலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்கள். கடித உறையை வாடகைக்காரர் மின் கட்டண ரசீதுகளோடு ஒரு மூலையில் போட்டு வைப்பார். வாடகைக்காரருக்குச் சட்டப்படி எந்தப் பேச்சும் இல்லை, அங்கே படுத்துத் தூங்குவது அவர்தான் என்றாலும். அதைவிடக் கொடுமை, பழைய தோட்டத்துக் குடும்பங்கள். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்தவர்கள்கூட நிலக்காரர் அல்லர். எவர் பெயரும் பட்டாவில் இல்லாத குடியிருப்பின் பக்கத்தில் டவர் கட்டினால் ஆட்சேபிக்கச் சட்டத்துக்குத் தெரிந்த அண்டை நிலக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார். எதிர்ப்புக் குறைவான இடம் என்று கோப்பில் எழுதப்படும்.

உள்ளூர்த் திட்டம் அரசிதழில் ஏறிவிட்ட இடங்களில் இந்த அறிவிப்பும் சட்டப்படி கட்டாயம் இல்லை. பொதுமக்கள் கருத்துச் சொல்ல வேண்டியது திட்டத்தின் வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போதே என்பது சட்டத்தின் எண்ணம். வரைவுக் கண்காட்சிக்குப் போய்ப் பெரிய வண்ண வரைபடங்களைப் பார்த்துத் தன் தெருவைத் தேடிய தமிழர்கள் எத்தனை பேர்? கோயில் திருவிழாவுக்கு விடுப்பு எடுக்கிறோம், இதற்கும் அரை நாள் எடுக்கலாம். இது என் நெடுநாள் புலம்பல், மன்னிக்கவும்.

குடியிருப்பாளர்கள் விடாப்பிடியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. இரண்டும் டவர் வழக்கல்ல, ஆனால் கேள்வி ஒன்றே. தீவில் சுங்கை ஆராவில் மலைச்சரிவில் வீடு கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அங்கிருந்தவர்கள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2015இல் வாரியம் அந்த அனுமதியை ரத்து செய்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறி, கடைசியில் குடியிருப்பாளர்கள் பக்கமே முடிந்தது. இன்னொன்று கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா. பூங்காவில் அடுக்குமாடி கட்ட மாநகர் மன்றம் கொடுத்த அனுமதி செல்லாது என்பதை 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அங்கே பொருந்துவது கூட்டரசுப் பிரதேசத்தின் தனிச் சட்டம். அதை அப்படியே பினாங்குக்கு எடுத்துவர முடியாது. ஆனால் அங்கும் ஜெயித்தது, எந்த அடிப்படையில் இந்த முடிவை எடுத்தீர்கள் என்று விடாமல் கேட்டவர்கள்தான்.

முடிவெடுக்கும் மன்றத்தை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. இது பலருக்கு மறந்தே போய்விட்டது. மலாயாவிலேயே முதன்முதலாக நகராண்மைத் தேர்தல் நடந்த ஊர் ஜார்ஜ்டவுன், 1951 டிசம்பர் முதல் தேதி. 1965இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். 1976இன் ஊராட்சிச் சட்டம் அவற்றைப் புதைத்தே விட்டது. 2012இல் பினாங்கு அரசு அவற்றை மீட்கத் தன் பங்குக்கு ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. இன்று செபராங் பிறை மாநகர் மன்றத்தின் உறுப்பினர்கள் மாநில அரசின் நியமனம். 2019இல் மாநகர் அந்தஸ்து கிடைத்தபோது பட்டாசு வெடித்தோம். பெயர்தான் பெரிதானது, நம் வாக்குக்கு அங்கே இன்னும் வேலையில்லை. டவர் இடத்தைப் பற்றி மன்றத்தில் தவறான முடிவெடுத்த ஒருவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்புகிற வசதி நமக்கு இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கடிதம் எழுதுவது முக்கியமாகிறது. எழுதி முத்திரை வாங்கிய காகிதம்தான் நம் வாக்கு.

அந்தக் கடிதத்தில் என்ன கேட்பது? என் பட்டியல் நீளமானதல்ல. இந்த வட்டத்துக்குள் வேறு எந்தெந்த இடங்களைப் பார்த்தீர்கள், ஒவ்வொன்றையும் ஏன் கழித்தீர்கள்? ஒரு கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கிற டவர்கள் எவை, அவற்றில் புதிய அன்டெனாவைப் பொருத்த முடியாதா? 2022 இறுதியில் செல்கோமும் டிஜியும் ஒரே நிறுவனமாகின. இரண்டும் தனித்தனியே பக்கம் பக்கமாக வைத்திருந்த தளங்கள் எல்லாம் இனி தேவையா என்று கேட்பதில் தவறே இல்லை. 5ஜிக்கு ஒரே கட்டமைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றுதானே முதலில் டிஜிட்டல் நேஷனல் நிறுவனத்தையே தொடங்கினார்கள்.

அப்புறம் கட்டுமானம். நம் ஊர் இடி மின்னலுக்குப் பெயர் போனது. மின்னலைத் தரையிறக்கும் அமைப்பு எப்படி, அதை யார், எப்போது சோதிப்பார்கள்? மின்தடையின்போது ஜெனரேட்டர் ஓடுமா, யார் படுக்கையறைக்குப் பக்கத்தில்? தாழ்வான நிலம், பெருமழைக்கு நீர் தேங்கும் ஊர். மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? மூன்று, நான்கு கால் இரும்புக் கோபுரத்துக்குப் பதில் ஒற்றைக் கம்பம் போதாதா? குழந்தைகள் பந்து விளையாடும் திடல் என்றால், அந்தத் திறந்தவெளிக்குப் பதிலாக எது? கட்டிய பிறகு அலையின் அளவை மூன்றாம் தரப்பு அளந்து, அந்த எண்ணைத் தாமான் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவீர்களா? பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி முகமைக்கு இத்தகைய அளவீட்டில் அனுபவம் இருக்கிறது. வெளியே சொல்லாத எண்தான் பயத்தை வளர்க்கிறது. அந்த மூலை வீட்டு அக்காவுக்கு நான் சொல்லும் கணக்கைவிட, அவர் வீட்டு வாசலில் அவர் கண்ணெதிரே ஒரு கருவி காட்டும் எண் மேல்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பேச்சு எழுந்தபோது நடந்த சந்திப்பில் நானும் இருந்தேன். டவர் நிறுவனத்தின் சார்பில் வந்தவர், இளைஞர், நல்ல பையன், சட்டையில் வியர்வை. அவரைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். நோய் வந்தால் நீ பொறுப்பா என்றார்கள். அவர் தயாராக வைத்திருந்த விளக்கப் படங்களைப் போட்டார். அவருக்குச் சுலபமான கேள்வி அது. பிறகு ஓய்வுபெற்ற சீன அங்கிள் ஒருவர் மெதுவாக எழுந்து, மலாயில், "வேறு எத்தனை இடம் பார்த்தீர்கள்? அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்" என்றார். பையன் மடிக்கணினியைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், "அது என்னிடம் இல்லை" என்றார். அன்றைய கூட்டத்தில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். பட்டியல் பிறகும் எங்களுக்கு வரவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: டவர் வரட்டும். குடியிருப்புக்கு அருகிலேயே வரட்டும், அங்கேதான் அதற்கு வேலை. ஆனால் நிலக்காரரோடு வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, குறைந்தது இரண்டு மூன்று மாற்று இடங்களோடு ஊருக்குள் வந்து பேசட்டும். கடிதம் 20 மீட்டர் கணக்கில் நிற்காமல், கோபுரம் கண்ணில் படும் வீடுகளுக்கெல்லாம், சொந்தக்காரர், வாடகைக்காரர், லயத்துக்காரர் என்று பார்க்காமல் போகட்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். கூடுதல் ஆட்களுக்குத் தெரிவிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மன்றம் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம்.

அதுவரை நம் வேலை நம்மோடு. வீட்டுக்கு வரும் மன்றத்தின் கடிதங்களைப் பிரித்துப் படியுங்கள். வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவரிடம் சொல்லி வையுங்கள், கடிதம் வந்தால் அன்றே படம் பிடித்து அனுப்பச் சொல்லி. கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள், 21 நாளை எண்ணுங்கள். ஆட்சேபக் கடிதத்தில் நோய் பற்றிய வரியைக் கடைசிக்குத் தள்ளி, மாற்று இடம் பற்றிய கேள்வியை முதலில் வையுங்கள். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் கருத்துப் பெட்டியில் ஒரு வரி போடுங்கள். உட்கார்ந்து சேர்ந்து எழுதலாம்.